உடம்புக்கு இன்னும் ஏழு வயது

கேள்வி இது: "சின்ன வயதில் வீட்டில் அடி, திட்டு, ராத்திரி பகல் சண்டை. எல்லாம் முடிந்து இருபது வருடம் ஆகிவிட்டது. இன்று வேலை, குடும்பம் என்று நன்றாகவே இருக்கிறேன். அப்படியும் சின்ன விஷயத்துக்குக்கூட நெஞ்சு படபடக்கிறது, யாரையும் முழுசாக நம்ப முடியவில்லை, திடீரென்று கோபம் வெடிக்கிறது. பழசுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? இருந்தால் சரியாகுமா?"

சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சரியாகவும் செய்யும். ஆனால் சுற்றியிருப்பவர்கள் சொல்கிற "பழசையெல்லாம் மறந்துடு" என்ற வழியில் சரியாகாது. ஏன் என்று விளங்கினால்தான் என்ன செய்வது என்பதும் விளங்கும். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய சம்பவங்கள் ஞாபகத்தில் இருப்பதுதான் தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஞாபகம் ஒரு பங்குதான். பெரும்பங்கு, உடம்பு அன்றைக்குப் படித்துக்கொண்ட பாடங்கள். சைக்கிள் பழகிய நாள் மறந்துபோகும், ஓட்டுவது மறக்காது. "இந்தக் குரல் உயர்ந்தால் ஒதுங்கு", "அழுதால் இன்னும் விழும்", "கேட்டால் கிடைக்காது, கேட்காதே" என்று ஒரு குழந்தை ஆயிரம் தடவை பழகியதும் அப்படித்தான் தங்குகிறது. மூன்று வயதுக்கு முன் நடந்தது அநேகமாக யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த வயதில் பழகியது மட்டும் இருக்கும்.

அது இன்றைக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு சம்பவத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மாலை நான்கு மணி. மேலதிகாரியிடமிருந்து போனில் ஒரு வரி: "கிளம்புறதுக்கு முன்னாடி என்னை வந்து பாருங்க." பாதுகாப்பாக வளர்ந்தவருக்கும் இது லேசாக உறுத்தும், ஐந்து நிமிடத்தில் வேலையில் மூழ்கிவிடுவார். காயத்தோடு வளர்ந்தவருக்கு வரியைப் படித்து முடிப்பதற்குள் வயிறு இறுகுகிறது. விரல் நுனி சில்லிடுகிறது. கடந்த மூன்று மாதத்தில் செய்த பிழையெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. பதில் பேச வேண்டியதை மனதுக்குள் நாலைந்து விதமாக ஒத்திகை பார்க்கிறார். ஐந்தரைக்கு உள்ளே போனால் அவர் கேட்பது அடுத்த மாத விடுமுறைத் தேதியை. வெளியே வந்தும் தோள் இறுக்கம் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழந்தை தண்ணீரைக் கொட்டுகிறது. கொட்டியதற்குப் பொருந்தாத அளவில் ஒரு கத்தல். பிறகு இரவெல்லாம் "நானும் அப்படித்தான் ஆகிட்டேனா?" என்ற குற்றவுணர்வு.

உள்ளே நடந்தது இதுதான். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி அமிக்டலா. செய்தியின் பொருளை மூளையின் முன்பகுதி நிதானமாக எடைபோடுவதற்குள், "பெரியவர் ஒருவர் காரணம் சொல்லாமல் கூப்பிடுகிறார்" என்ற அடையாளத்தை மட்டும் வைத்து அது மணி அடித்துவிடுகிறது. சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. படபடப்பும் சில்லிப்பும் அதன் வேலை. கூடவே மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ், அதன் கீழே பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்று ஒரு சங்கிலி இழுபட்டு கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கிறது. இது மெதுவான ஆள். உச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம், இறங்க இன்னும் நேரம். ஆபத்து இல்லை என்று தெரிந்தபின்னும் உடம்பு உடனே ஆறாததற்கு இது ஒரு காரணம். குழந்தையின் மேல் விழுந்த கத்தல் நான்கு மணிச் செய்தியின் மிச்சம்.

சின்ன வயதிலேயே இந்தச் சங்கிலி ஓயாமல் இழுபட்டால் அதன் அளவு மாறிவிடுகிறது. "கார்டிசால் எப்போதும் ஏறியே இருக்கும்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அது பாதி உண்மை. சிலருக்குச் சின்னத் தூண்டலுக்கே அதிகமாக ஏறும். வேறு சிலருக்கு நேர்மாறாக, ஏற வேண்டிய இடத்தில்கூட ஏறாமல் மந்தமாகிவிடும். முதல் வகையினர் எப்போதும் பதற்றமாக இருப்பார்கள். இரண்டாம் வகையினர் "எதுவுமே பெரிசா உறைக்கல" என்பார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

இதைக் கோளாறு என்று மட்டும் பார்க்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சேத் போலாக் என்ற உளவியலாளர் உடல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கு மங்கலான முகப்படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கிக் காட்டினார். மற்றக் குழந்தைகளுக்கு முன்பே, மிகக் குறைந்த தடயத்தை வைத்தே, அவர்கள் கோபமுகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடி எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. கஷ்டம் என்னவென்றால், களைப்பாக இருக்கிற துணையின் முகத்தையும் வேறு யோசனையில் இருக்கிற நண்பரின் முகத்தையும் அதே திறமை "கோபம்" என்று படித்துவிடும்.

எதெல்லாம் காயம்?

வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல் பருமன் குறைப்புச் சிகிச்சை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது அவருக்குப் புதிராக இருந்தது. உட்கார்ந்து பேசியபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்குப் பருமன் ஒரு கவசம். அது கரையக் கரைய பயம் திரும்பியிருக்கிறது. அந்தப் புதிரிலிருந்து கிளைத்ததுதான் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவருடன் சேர்ந்து அவர் நடத்தி, 1998-ல் முதல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு. இரண்டு கட்டமாக 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். உடல், மன, பாலியல் கொடுமைகள், உடல் தேவையிலும் மனத் தேவையிலும் கைவிடப்படுதல், வீட்டில் போதைப் பழக்கம், மனநோய், தாய் அடிபடுவதைப் பார்த்தல், பெற்றோர் பிரிவு, வீட்டில் ஒருவர் சிறை செல்லுதல் என்று மொத்தம் பத்து வகை. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஒன்றாவது இருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கு அல்லது அதற்கு மேல். நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு மதுப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், ஒன்றுமே இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. இதயநோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய் எண்ணிக்கையும் கூடவே ஏறியது.

இந்தப் பத்துக் கேள்விகள் இப்போது ஆன்லைனில் எங்கும் கிடக்கின்றன. போட்டுப் பார்த்து "எனக்கு ஆறு, என் வாழ்க்கை அவ்வளவுதான்" என்று ஒடிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளுக்கான ஜாதகம் கிடையாது. ஒருமுறை நடந்ததும் பத்து வருடம் நடந்ததும் அதில் ஒரே புள்ளி. எந்த வயதில் நடந்தது என்ற கேள்வியே இல்லை. பள்ளியில் சக மாணவர்களின் வதை, போர், வறுமை, பெற்றோரின் மரணம், பிறப்பை வைத்து இழிவுபடுத்தப்படுதல் எதுவும் அதில் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் குழந்தையின் பக்கம் நின்ற ஒரே ஒரு பெரியவராவது இருந்தாரா என்று அது கேட்பதில்லை. தனி ஆளுக்குத் தீர்ப்பு எழுத இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-ல் ஆண்டாவே எச்சரித்து எழுதினார்.

அந்த ஒரு பெரியவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த உளவியலாளர் எம்மி வெர்னரின் ஆய்வு சாட்சி. மிகக் கஷ்டமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல தெம்பான, அக்கறையுள்ள பெரியவர்களாக ஆனார்கள். அவர்களிடம் அடிக்கடி தென்பட்ட ஒரு விஷயம்: பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, நிலையாகப் பரிவு காட்டிய யாரோ ஒருவர். இளமையில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது வயதுக்கு மேல் தேறியிருந்தார்கள். இந்தப் பின்பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நடந்ததைவிட நடக்காமல் போனதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். "எங்க வீட்ல அடியே கிடையாது, சாப்பாடு, படிப்பு எல்லாம் குடுத்தாங்க, அப்புறம் எனக்கு ஏன் இப்படி?" என்று கேட்பவரிடம், "பயந்தப்போ யார்கிட்ட போவீங்க?" என்று கேட்டால் நீண்ட மௌனம் வரும். 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று. தாய் குழந்தையோடு சிரித்து விளையாடுகிறாள்; பிறகு சொல்லிவைத்தபடி இரண்டு நிமிடம் போல முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் உட்காருகிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, கத்துகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருங்கிவிடுகிறது. இதுவே வீட்டில் தினமும் நடந்தால், குழந்தை தன் தேவையை வெளியே காட்டுவதை நிறுத்துகிறது. நாளாவட்டத்தில் தனக்கே காட்டிக்கொள்வதையும் நிறுத்துகிறது. வளர்ந்தபின் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் உண்மையிலேயே தெரியாது. பசியா, களைப்பா, வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. உதவி கேட்க நாக்கு எழாது. வெளியே இவர்கள் பெரும் பொறுப்பாளிகளாகத் தெரிவார்கள். அதனாலேயே யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

(அதே ட்ரானிக் சொன்ன இன்னொன்று பெற்றோருக்கு ஆறுதல் தரும். நல்ல தாய்-குழந்தை உறவிலும் இருவரும் ஒத்திசைந்து இருப்பது மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி நேரம் பிசகி, பிறகு சேர்ந்துகொள்கிறார்கள். சேர்ந்துகொள்வதுதான் கணக்கு.)

வளர்ந்தபின் எங்கெல்லாம் தலைகாட்டும்

உறவில்தான் முதலில். ஒரு குழந்தைக்குப் பயம் வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் பெற்றோர். பயமே பெற்றோரிடமிருந்து வந்தால்? ஓடி வா என்றும், ஓடிப் போ என்றும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை. 1980களில் மேரி மெய்ன், ஜூடித் சாலமன் என்ற உளவியலாளர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். தாய் அறைக்குள் வந்ததும் பாதி தூரம் ஓடி வந்து அப்படியே உறைந்து நிற்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டே பக்கத்தில் வரும். வயது வந்தபின் அதே நடனம் காதலிலும் கல்யாணத்திலும் தொடரும். பதில் வர இரண்டு மணி நேரம் தாமதமானால் கைவிடப்பட்ட கலக்கம். அவர் நெருங்கி வந்தால் மூச்சு முட்டுவது போல எரிச்சல், சண்டை. துணைக்கு ஒன்றும் புரியாது. "வான்னா போங்கிற, போனா வாங்கிற" என்பார். அவர் சொல்வது ரொம்பச் சரி.

சிலர் சண்டையே போடமாட்டார்கள். எதற்கும் "சரி". யார் முகம் சுண்டினாலும் இவர் மன்னிப்புக் கேட்பார். நல்ல குணம் என்று ஊர் மெச்சும். மறுப்புச் சொல்ல நினைக்கும்போதே தொண்டை அடைக்கிறதா என்று கவனித்தால் அது குணமா, பயமா என்று தெரிந்துவிடும்.

மரத்துப்போவது இன்னொரு வகை. சண்டை முற்றும்போது சத்தம் தூரத்திலிருந்து கேட்பது போல, தன்னையே வெளியிலிருந்து பார்ப்பது போல ஆகிவிடும். ஓடவும் முடியாத, எதிர்க்கவும் முடியாத குழந்தைக்கு இருந்த ஒரே தப்பிக்கும் வழி அதுதான். கல் மனசு என்று மற்றவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

வெட்கம்தான் எல்லாவற்றிலும் ஆழமாக இறங்கியிருப்பது. "நான் செஞ்சது தப்பு" என்று தோன்றினால் குற்றவுணர்வு. "நானே தப்பு" என்று தோன்றினால் வெட்கம். குழந்தை ஏன் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறது? "என்னை வளர்ப்பவர் கெட்டவர்" என்று ஒப்புக்கொண்டால் அதற்குப் போக்கிடமே இல்லை. "நான் கெட்ட பிள்ளை, நல்லவனாக ஆனால் இது நிற்கும்" என்று நம்பினால் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்த நம்பிக்கை குழந்தையைப் பிழைக்க வைத்தது. முப்பது வயதில் அதுவே, பாராட்டு வந்தால் பொய் என்று தோன்ற வைக்கிறது, ஒரு சின்னப் பிழைக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மது, புகை, அளவில்லாத சாப்பாடு, ஓயாத வேலை, விடாத போன் எல்லாம் இந்த உடம்பை அடக்க ஆள் தானே கண்டுபிடித்த மருந்துகள். அதை மட்டும் பிடுங்கினால் அடியில் இருக்கிற வலி மேலே வரும். அதனால் பழக்கத்தையும் காயத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தன் குழந்தை, தனக்குக் கொடுமை நடந்த அதே வயதுக்கு வரும்போது சிலருக்கு எல்லாம் திடீரென்று கிளம்பும். முன்னறிவிப்பே இருக்காது. "அடிபட்டவன் அடிப்பான்" என்ற பேச்சு பலரைப் பிள்ளை பெற்றுக்கொள்ளவே பயப்பட வைக்கிறது. அபாயம் கொஞ்சம் கூடுகிறது என்பது உண்மை. கொடுமைக்கு ஆளானவர்களில் பெரும்பாலானோர் தம் பிள்ளைகளைக் கொடுமை செய்வதில்லை என்பதும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் சிறுவயதின் தலையில் கட்டிவிடாதீர்கள். படபடப்புக்குத் தைராய்டு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு காரணமாக இருக்கலாம். களைப்புக்கும் எரிச்சலுக்கும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது காரணமாக இருக்கலாம். முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை முடித்துவிடுங்கள்.

என்ன பெயர் வைப்பார்கள்

அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் (PTSD) 1980-ல்தான் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் சேர்ந்தது. போர், விபத்து போன்றவை மனதில் இருந்ததால், ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் நடந்த கொடுமைக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. 1992-ல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் அதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்றார். முப்பது வருடம் கழித்து, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டில் அது "சிக்கலான" வகை என்று தனியாக இடம் பிடித்தது. பழையது இப்போது நடப்பது போலத் திரும்ப வருவது, அதை நினைவூட்டுவதையெல்லாம் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்து இருப்பது போன்ற உணர்வு என்ற மூன்றோடு, உணர்ச்சியை அடக்கியாள முடியாமை, தன்னைப் பற்றிய தாழ்வு எண்ணம், உறவில் நிலைக்க முடியாமை என்ற மூன்றும் சேர வேண்டும். பலருக்கு இத்தனையும் இருக்காது. பெயர் சூட்டும் அளவுக்கு இல்லாவிட்டாலும் உதவி பெறலாம். மனச்சோர்வு, கவனக்குறைபாடு, இருதுருவ மனநோய் (பைபோலார்) என்று மாற்றிப் பெயர் வைக்கப்படுவதும் உண்டு. அதனால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சிறுவயது பற்றி நீங்களே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

நீங்களே தொடங்கக்கூடியது

ஒரு நோட்டு எடுங்கள். எப்போதெல்லாம் உங்கள் எதிர்வினை நடந்ததற்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்ததோ, அன்றைக்கு ஐந்து விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, சரியாக என்ன நடந்தது (யார் சொன்ன எந்தச் சொல், எந்தச் சத்தம், எந்த வாசனை), உடம்பில் எங்கே தெரிந்தது, 10-க்கு எத்தனை, பழையபடி ஆக எத்தனை நிமிடம் ஆனது. காரணத்தை ஆராய வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதினால் போதும். மூன்று வாரத்தில் ஒரு கோலம் தெரிய ஆரம்பிக்கும். "கதவு படாரென்று சாத்தினால்", "யாராவது பேசாமல் இருந்தால்", "பின்னாலிருந்து தொட்டால்" என்று தூண்டல்கள் பெரும்பாலும் நாலைந்துதான். தெரிந்த தூண்டலுக்குப் பாதி பலம் போய்விடும்.

மூச்சுப் பயிற்சி எல்லோரும் சொல்வது, ஆனால் தப்பாகச் செய்வதும் எல்லோரும்தான். ஆழமாக இழுப்பதில் பலன் இல்லை. வேகமாக ஆழமாக இழுத்தால் தலை சுற்றி பயம் கூடும். வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூக்கால் நான்கு எண்ணும்வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு வரும். காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே பழகுங்கள். புயலில் நீச்சல் பழக முடியாது. பதற்றம் 8-ஐத் தொட்டபின் முதல்முறையாகச் செய்துபார்த்து "இது எனக்கு வேலை செய்யல" என்று விட்டவர்கள்தான் அதிகம்.

மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள், கழுத்து நெரிக்கப்பட்டவர்கள், வாய் பொத்தப்பட்டவர்கள் குறிப்பாக. அவர்கள் மூச்சை விட்டுவிட்டுக் கால்களைப் பிடிக்கட்டும்: பாதத்தைத் தரையில் அழுத்தி, குதிகால், விரல், தரையின் சூடு என்று ஒவ்வொன்றாக. கண்ணை மூடித் தியானம் செய்யும்போது பழைய காட்சி வந்தால் கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

பழைய காட்சி அப்படியே முன்னால் வந்து நிற்கும்போது, வாய்விட்டுச் சொல்லுங்கள்: இன்றைய தேதி, உங்கள் வயது, இருக்கும் இடம். பிறகு கண்ணில் படும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று சத்தம். எண்ணிக்கை முக்கியமில்லை, அன்றைக்கு இல்லாத, இன்றைக்கு மட்டும் இருக்கிற பொருள்களைத் தேடுங்கள். கை மோதிரம், போன், உங்கள் பெரிய உள்ளங்கை. ஏழு வயதில் நின்றுவிட்ட உடம்புக்கு இன்றைய தேதியைக் காட்டும் வேலை இது.

எழுதிப் பார்ப்பதும் உதவும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் தொடங்கிய முறையில், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், மூன்று நான்கு நாள் மட்டும். எழுதிய அன்று மனம் கனத்துப்போவது சகஜம். மறுநாளும் தூக்கம் கெட்டு, காட்சிகள் பெருகினால் நிறுத்திவிடுங்கள். அதைத் தெரபிஸ்ட் துணையோடு செய்ய வேண்டிய நிலை என்று பொருள்.

வீட்டில் இருப்பவரிடம் என்ன சொல்வது? முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. நிதானமான நேரத்தில் இப்படிச் சொன்னால் போதும்: "சத்தம் ஏறினா எனக்கு மூளை வேலை செய்யாது. அப்போ நான் எழுந்து போவேன். உங்களை விட்டுப் போறேன்னு அர்த்தம் இல்ல. அரை மணி நேரத்துல திரும்பி வந்து பேசுவேன்." திரும்பும் நேரத்தைச் சொல்வதும், சொன்ன நேரத்துக்குத் திரும்புவதும் இதில் உயிர்நாடி. நேரம் சொல்லாமல் எழுந்துபோனால் எதிரில் இருப்பவருக்கு அது தண்டனை.

தெரபி என்றால் என்ன நடக்கும்

நல்ல சிகிச்சை பெரும்பாலும் மூன்று கட்டமாக நகரும்: முதலில் அன்றாட வாழ்க்கையை நிலைப்படுத்துவது, பிறகு நினைவுகளோடு வேலை, கடைசியில் உறவு, வேலை, எதிர்காலம். முதல் சந்திப்பிலேயே "எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்று அவசரப்படுத்துபவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். தயாராகாத நிலையில் கொட்டினால் அடுத்த இரண்டு வாரம் மோசமாகப் போகும், ஆள் திரும்பி வரமாட்டார். அதற்காக, ஒரு வருடமாக வாராவாரம் பொதுவாகப் பேசிக்கொண்டே இருந்து காயத்தின் பக்கமே போகாததும் தப்பு.

அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை-நடத்தைச் சிகிச்சையையும், 1987-ல் பிரான்சின் ஷாபிரோ என்ற உளவியலாளர் தொடங்கிய ஈஎம்டிஆர் (EMDR) என்ற கண் அசைவுச் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. ஈஎம்டிஆரில் நினைவை மனதில் வைத்துக்கொண்டே தெரபிஸ்டின் விரல் அசைவைக் கண்ணால் தொடர்வீர்கள். நடந்ததை விவரமாக வாயால் சொல்ல வேண்டிய கட்டாயம் குறைவு. தன்னைப் பற்றிய தவறான தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கும் முறை வழக்கமாக 12 சந்திப்பு. உணர்ச்சியைக் கையாளும் பயிற்சி எட்டும், நினைவுகளோடு வேலை எட்டுமாக 16 சந்திப்பு கொண்ட முறை மேரிலீன் குளோட்ர் வகுத்தது. சிறுவயதுக் கொடுமைக்கென்றே உருவானது. ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமைக்கு இந்த எண்ணிக்கை கூடலாம்.

போனில் கேட்கக்கூடிய கேள்விகள்: சிறுவயது அதிர்ச்சிக்கு எந்த முறையில் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள்? முதல் ஐந்து சந்திப்பில் என்ன செய்வோம்? இடையில் நான் நிலைகுலைந்தால் என்ன ஏற்பாடு? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? இதற்கெல்லாம் நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் "போக வேண்டாம், எனக்கு இப்போ பரவாயில்ல" என்று தோன்றும். தவிர்ப்பது இந்த நோயின் ஒரு பகுதி. அதையே தெரபிஸ்டிடம் போய்ச் சொல்லுங்கள்.

"உங்க மனசுல புதைஞ்சுபோன ஞாபகம் இருக்கு, ஹிப்னாடிசம் பண்ணி வெளிய எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1990களில் செய்த சோதனையில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக நடக்காத கதை ஒன்றை 24 பேரிடம் சொன்னார்கள். நாலில் ஒருவர் அதை முழுதாகவோ பாதியாகவோ தன் நினைவாகவே ஏற்றுக்கொண்டார். உண்மையான அதிர்ச்சி நினைவும் துண்டுதுண்டாக இருக்கும், அதனால் விட்டுப்போன இடங்கள் இருப்பது நீங்கள் பொய் சொல்வதற்கு அடையாளம் ஆகாது. அதை நிரப்பாமலேயே குணமாகலாம்.

மருந்து தனியாகக் காயத்தை ஆற்றாது, ஆனால் தூக்கத்தையும் பதற்றத்தையும் சரிசெய்து தெரபிக்கு உட்கார வைக்கும். செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்றவை பலன் தர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். பத்து நாளில் நிறுத்தாதீர்கள். எந்த நாளிலும் திடீரென்று நிறுத்தாதீர்கள், மனநல மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அல்பிரசோலம், டயஸிபாம் வகை உடனே அமைதி தரும். பழக்கமாகிவிடும், தெரபியின் பலனையும் குறைக்கலாம். அதனால் அவற்றை இதற்கு நீண்ட நாள் கொடுக்க வேண்டாம் என்பதே சிகிச்சை வழிகாட்டிகளின் நிலை.

பெற்றோரை நேருக்கு நேர் கேட்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். "நான் அப்படி எதுவும் பண்ணலையே" என்ற பதில் வந்தால் தாங்க முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தப் பதில்தான் வரும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் நான் ஆறுவேன் என்ற நிலையில் போகாதீர்கள். மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மன்னிக்காமலேயே நன்றாக ஆனவர்கள் உண்டு.

தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் இருந்தால் நோட்டும் மூச்சும் காத்திருக்கட்டும். இன்றே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள். கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தால் முதல் வேலை பாதுகாப்பான இடம். நிஜமாகவே தீ எரியும்போது மணியை அணைக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது.

முன்னேற்றம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் பலர் பாதியில் சலித்துவிடுகிறார்கள். தூண்டல்கள் காணாமல் போவது கடைசியில்தான், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. முதலில் மாறுவது நோட்டின் ஐந்தாவது விஷயம், பழையபடி ஆகப் பிடிக்கும் நேரம். நான்கு மணிக்கு அதே செய்தி வரும், வயிறு அதே மாதிரி இறுகும். ஆனால் முன்பு இரவு பதினொன்று வரை இறங்காதது இப்போது ஆறு மணிக்கு இறங்கியிருக்கும். சில மாதம் கழித்து நாலே முக்காலுக்கு. அன்றைக்கும் வீட்டில் குழந்தை தண்ணீரைக் கொட்டும். நீங்கள் துணி எடுத்து வந்து துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.